ஏழு சாட்சிகள்

டவர் செத்தது ஞாயிற்றுக்கிழமை மூன்றேகாலுக்கு.
அதற்குள் தண்ணீர்
சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில்
டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்கார்ந்திருந்தது.

கல்யாண மண்டபத்து மாடியில் நாங்கள் நூற்றுப்பத்துப் பேர்.
உச்சிமாகாளிதான் ப்ளூடூத்தில் போன் போனாய்
அந்தச் செயலியை ஏற்றிவிட்டான்.
"டவரே வேண்டாம் அண்ணாச்சி.
ஒங்க போன் எம் போனுக்குச் சொல்லும்,
எம் போன் சர்ச் மாடிக்குச் சொல்லும்,
சர்ச் மாடி பேங்க் மாடிக்கு.
அப்படியே போயி வீரவநல்லூர்ல கரையேறிரும்."

சேதி எல்லாம் ஒட்டிய உறை;
சுமக்கிறவன் பிரிக்க முடியாது.
முறை ஒன்றுதான்:
பத்துச் சுமந்தால் பத்து அனுப்பலாம்.
சுமந்தேன் என்று நீயே சொன்னால் செல்லாது,
பக்கத்துப் போன் சாட்சி சொல்லவேண்டும்.

கன்னடியன் கால்வாயில் முறைத்தண்ணீர் பாய்ச்சுகிற ஊர்.
யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
ராத்திரி மண்வெட்டியோடு
அடுத்தவன் வரப்பில் நடக்கிறவனைப் பற்றியும்
யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் செல்போன் சர்வீஸ் கடை.
ஓடிவரும்போது கையில் சிக்கியது ஒரு மஞ்சப்பை.
உள்ளே ரிப்பேர் முடிந்த ஏழு போன்கள்,
ஒவ்வொன்றையும் சுற்றி ரப்பர் பேண்டு, துண்டுச் சீட்டு:
மைதீன் பாத்து, டிஸ்பிளே.
ஜெபக்கனி டீச்சர், சார்ஜ் நிக்கலை.
சீட்டின் ஓரத்தில் அவரவர் லாக் நம்பர்,
நம்பிக் கொடுத்தது.

என் பேட்டரி பதினொரு சதவீதம்.
ஊர்ப் பாரம் ஏற்றினால் விடிவதற்குள் தீர்ந்துபோகும்.
ஏழையும் எழுப்பினேன்.
ஏழு பேரும் பைக்குள் இருந்தபடி
எனக்குச் சாட்சி சொன்னார்கள்:
சுமந்தான், சுமந்தான், நாங்க பாத்தோம்.
வந்த உறைகளை வாங்கி
அந்தப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

அப்படிச் சம்பாதித்த முறையில் அனுப்பியது என்ன?
ஷட்டருக்குக் கீழ்ப்பூட்டு போட்டேனா என்று
எதிர்க்கடை சுடலைக்கண்ணுக்கு ஒன்பது தடவை.
பைக் இன்சூரன்ஸ் என்றைக்கு முடியுது என்று மச்சானுக்கு நாலு.
பிறகு சும்மா,
"சாப்டாச்சா."

இரண்டாம் ராத்திரி உச்சிமாகாளி சொன்னான்,
"நம்ம மாடியில எங்கியோ ஓட்டை.
உள்ள வருது, வெளிய போகல."
எல்லோரும் அவரவர் போனைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
மூலையில் காதில் வயர் மாட்டிப் படம் பார்த்துக்கொண்டிருந்த
பத்தமடைப் பையன்மேல் விழுந்தது.
"நான் இல்லவே" என்றான்.
அவனிடம் ஒரே ஒரு போன்தான்,
அதற்குச் சாட்சி இல்லை.
வெட்டிவிட்டார்கள்.
காலை வரை அவனுக்கு எதுவும் வரவில்லை.
நான் என் பிஸ்கட்டில் பாதி கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான், அதுதான்.

தண்ணீர் வடிந்தது. கடைக்குக் கீழ்ப்பூட்டு
போட்டுத்தான் இருந்தது;
தண்ணீர் பூட்டைத் தொடாமல் உள்ளே போய்விட்டிருந்தது.

உறைகள் என்னிடம் முப்பத்தெட்டு.
லாக் எடுப்பது என் தொழில்.
மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன்.
நல்ல பூட்டு.
யாருக்கோ ஊசி மருந்தா,
தொழுவத்து மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னதா,
பயப்படாதே என்று ஒற்றைச் சொல்லா,
எதை நிறுத்தினேன் என்று
எனக்கே தெரியாத அளவுக்கு
அத்தனை பத்திரம்.

புதன்கிழமை மைதீன் பாத்து வந்தாள்,
விரலிடுக்கில் பீடித்தூள் மணக்க.
"இத்தன வெள்ளத்துல எம் போனு பத்திரமா இருந்துச்சா?"
"இருந்துச்சு."
காசு வேண்டாம் என்றேன்.
"அது என்ன கணக்கு?" என்று
ஐந்நூற்று எண்பது ரூபாய்க்கு
ஆறு நூறு ரூபாய்த் தாளை எண்ணி
இன்னும் காயாத மேசையில் வைத்தாள்.

பாக்கி இருபதுக்கு நின்றாள்.